மஞ்சள் கறை சிவக்காத தண்ணீர்

வெள்ளை வேட்டியில் சாம்பார் சொட்டிய இடத்தில் சோப்பைத் தேய்த்தால், மஞ்சள் புள்ளி சட்டென்று சிவந்துவிடும். கறை கூடிவிட்டதோ என்று பதறி இன்னும் தேய்ப்போம். கூடவில்லை. மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற சாயம், காரம் பட்டால் சிவக்கும் குணமுள்ளது. காரம் என்றால் மிளகாய்க் காரம் இல்லை; அமிலத்துக்கு நேரெதிரான, சோப்பிலும் சுண்ணாம்பிலும் இருக்கும் குணம். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து ஆரத்தி கரைக்கிறோமே, அதே விஷயம்தான். அதாவது அந்தப் புள்ளி சிவந்தால், நீங்கள் தேய்த்தது காரம் என்று அர்த்தம்.

இப்போது அதே மாதிரி இன்னொரு புள்ளியில் பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரை விட்டுத் தேயுங்கள். நுரை பொங்கும். ஆனால் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். அந்தத் தண்ணீர் லேசான அமிலம்; பி.எச். அளவு (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 4, 5 வாக்கில் இருக்கும். சோப்புக் கரைசலுக்கு அது 9, 10. பட்டுப்புடவைக்குப் பாட்டிகள் பூந்திக்கொட்டையைத் தேடியதன் காரணம் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. பட்டு என்பது புரதம். காரம் அதை மெல்ல அரிக்கும், பளபளப்பு மங்கும். பருத்தி காரத்தைத் தாங்கிக்கொள்ளும், பட்டு தாங்காது.

காரமே இல்லாமல் அழுக்கு எப்படிப் போகிறது? கொட்டையின் சதைத் தோலில் சபோனின் என்ற பொருள் நிறைய இருக்கிறது. அதன் மூலக்கூறுக்கு இரண்டு குணம். ஒரு பக்கம் சர்க்கரைச் சங்கிலி, அது தண்ணீரோடு ஒட்டும். மறுபக்கம் எண்ணெயோடு ஒட்டும். துணியில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை எண்ணெய்ப் பக்கம் பிடித்துக்கொள்ள, சர்க்கரைப் பக்கம் தண்ணீரை நோக்கி நிற்கும். பல மூலக்கூறுகள் சேர்ந்து பிசுக்கைச் சின்ன உருண்டையாகச் சுற்றிவளைத்ததும், அலசுகிற தண்ணீரோடு அது போய்விடும். சோப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது. இந்த மரத்தின் அறிவியல் பெயர் சபிண்டஸ். ‘இந்தியச் சோப்பு’ என்ற பொருளில் லத்தீனிலிருந்து வைத்தது.

ஒரு இடத்தில் கொட்டை சோப்பை முந்திவிடும்: உப்புத்தண்ணீர். போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் வெள்ளைத் திப்பியாகத் திரிவதைப் பார்த்திருப்பீர்கள். சோப்பு மூலக்கூறில் தண்ணீரோடு ஒட்டும் பக்கத்தில் எதிர் மின்னூட்டம் உண்டு. தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் நேர் மின்னூட்டம். இரண்டும் பிணைந்தால் கரையாத திப்பி. வெள்ளைச் சட்டை நாளாக நாளாகச் சாம்பல் நிறமாவதில் இதற்கும் பங்கு உண்டு. சபோனினின் தண்ணீர்ப் பக்கம் பெரும்பாலும் சர்க்கரை என்பதால் கால்சியத்துக்கு அங்கே பிடிமானம் குறைவு, திப்பி படியாது.

செய்முறை என்று பெரிதாக ஒன்றுமில்லை. நாட்டுமருந்துக் கடையில் வாங்கும்போது கொட்டை ஒட்டுகிற பதத்தில் இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு கொட்டையை உடைத்து, உள்ளே இருக்கும் கறுப்பு விதையை எறிந்துவிடுங்கள். அதில் வேலை இல்லை. தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் இருபது நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டினால் தேன் நிறத்தில், லேசான புளித்த வாடையோடு ஒரு திரவம் கிடைக்கும். அரை வாளித் தண்ணீருக்கு ஒரு டம்ளர் போதும் என்பது என் கணக்கு. முதல் தடவை நான் ஒரு பாட்டில் நிறைய செய்து குளியலறை அலமாரியில் வைத்தேன். நான்காம் நாள் மூடியைத் திறந்தால் ‘புஸ்’. சர்க்கரை இருக்கும் திரவம் நொதிக்காமல் என்ன செய்யும்? இப்போது ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுகிறேன்.

இணையத்தில் சுற்றும் இன்னொரு குறிப்பு, சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்து துவைப்பது. நுரை பார்க்க அழகுதான். ஆனால் காரமும் அமிலமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு கரியமில வாயுவாகப் போய்விடும். மிச்சம் சோடியம் அசிட்டேட் கரைந்த தண்ணீர், அது துவைக்காது. தனித்தனியாகப் பயன்படுத்தினால் இரண்டுக்கும் வேலை உண்டு.

இயற்கைதானே என்று கண்ணில் பட விடாதீர்கள், பயங்கரமாக எரியும். துவைத்த தண்ணீரை மீன் இருக்கும் குளத்திலோ தொட்டியிலோ ஊற்றவும் கூடாது. சபோனின் மீனின் செவுளைக் கெடுத்துவிடும்.

அப்புறம், கடும் அழுக்குக்குக் கொட்டை போதாது. வேலைக்குப் போய் வந்த பேண்ட்டின் கிரீஸுக்குக் காரம்தான் சரி. வண்ணார் வெள்ளாவி வைத்தது அந்த வழியில்தான்: உவர்மண் கரைசலில் நனைத்த துணிகளை அடுக்கி ஆவியில் வேகவைப்பார்கள். உவர்மண்ணில் இருப்பது சலவைச்சோடா. சூட்டில் அந்தக் காரம் துணியில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கில் ஒரு பகுதியையே சோப்பாக மாற்றிவிடும். அழுக்கிலிருந்தே சோப்பு!

சரி, அந்தச் சாம்பார்ப் புள்ளி? எண்ணெய் போனபிறகும் மஞ்சள் சாயம் நிற்கும், கொட்டையானாலும் சோப்பானாலும். ஈரத்தோடு வேட்டியைக் கொடியில் புள்ளி மேலே தெரிகிற மாதிரி விரித்துப்போடுங்கள். குர்குமினை வெளிச்சம் உடைத்துவிடும். நல்ல வெயிலாக இருந்தால் மாலைக்குள் வெளிறிவிடும்.