‘பாப்புலர் வோட்’: பிரபல வாக்கா, மக்கள் வாக்கா?

அமெரிக்கத் தேர்தல் வந்துவிட்டால் மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊர் ஒட்டுக்கடைகளில் தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) ஆறிப்போகும். “கூட ஓட்டு வாங்குனவங்க எப்படிங்க தோப்பாங்க?” என்று ஒருவர் கேட்பார். ‘பாப்புலர் வோட்’ என்ற சொல் அங்கே உருளும். அதைச் சிலர் ‘பிரபல வாக்கு’ என்றே எழுதிவிடுகிறார்கள். தவறு.

‘பாப்புலர்’ என்பதன் வேர் லத்தீனில் ‘பாப்புலுஸ்’, அதாவது மக்கள். புகழ் என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது. ‘வோட்’டுக்கு மூலம் ‘வோட்டும்’: நேர்த்திக்கடன், சூளுரை. நம் ‘வாக்கு’ம் அதன் பக்கத்தில்தான் நிற்கிறது. வடமொழியில் பேச்சைக் குறிக்கும் சொல் அது. தமிழில் கொடுத்த உறுதிமொழிக்கும் வாக்கு என்கிறோம். தனித்தமிழ் அன்பர்கள் ‘ஒப்போலை’ என்பார்கள். நல்ல சொல்தான், ஆனால் தோட்டத்துப் பாட்டிக்கு அது என்றைக்கும் ‘ஓட்டு’.

ஆக, ‘மக்கள் வாக்கு’ என்பதே சரி. ஆனால் அமெரிக்கச் செய்திக்கு அது மட்டும் போதாது. அங்கும் மக்கள்தான் வாக்களிக்கிறார்கள். ஆனால் அதிபரை முடிவு செய்வது அவர்கள் சார்பில் வாக்களிக்கும் 538 தேர்வாளர்கள், வெற்றிக்கு 270 வேண்டும். 48 மாநிலங்களில் முந்தியவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் அத்தனை பேரும். அதனால்தான் 2000இல் அல் கோரும், 2016இல் சுமார் 29 லட்சம் வாக்கு கூடுதலாகப் பெற்ற ஹில்லரி கிளிண்டனும் தோற்றார்கள். நேரடித் தேர்தல் கேட்போர் ‘ஒருவருக்கு ஒரு வாக்கு, எல்லாம் சம எடை’ என்கிறார்கள். சிறிய மாநிலங்களை யாரும் சீண்டமாட்டார்கள் என்பது எதிர்த்தரப்பின் அச்சம். இப்போது மட்டும் என்ன, பிரச்சாரமெல்லாம் இழுபறி மாநிலங்களைத்தானே சுற்றுகிறது!

1969இல் நேரடித் தேர்தலுக்கான அரசமைப்புத் திருத்தம் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி, அடுத்த ஆண்டு செனட்டில் முடங்கியது.

மலேசியர்களான நமக்கும் இது புதிதல்ல. 2013 பொதுத்தேர்தலில் எதிர்க்கட்சிக் கூட்டணியான பக்காத்தானுக்கு ஏறக்குறைய 51 விழுக்காட்டு வாக்கு. நாடாளுமன்றத்தின் 222 இடங்களில் 133 இடங்களோடு ஆட்சி பாரிசான் கூட்டணிக்கு. இப்படிப்பட்ட இடங்களில் நான் ‘நாடு தழுவிய மொத்த வாக்கு’ என்றே எழுதுவேன். நீளம்தான், ஆனால் படிப்பவர் குழம்பமாட்டார்.

சிங்கப்பூரில் அந்தச் சிக்கல் இல்லை. 1993 முதல் அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கலாம். 2023இல் தர்மன் சண்முகரத்னம் 70.4 விழுக்காடு பெற்று அதிபரானார். அங்கே ‘மக்கள் வாக்கு’ என்றாலே போதும்.