டிஸ்க் வருவதற்குள் டாக்கர் முந்திக்கொண்டால்

சர்வரை ரீபூட் செய்தாயிற்று. டாக்கரில் (புரோகிராம்களைத் தனித்தனி கண்டெய்னர்களாக ஓட்டும் மென்பொருள்) போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸின் கண்டெய்னர் ஓடுகிறது, ஆனால் டேட்டாபேஸில் ஒரு டேபிள்கூட இல்லை. அதன் ஃபைல்கள் இருப்பது /டேட்டாவில் மவுண்ட் ஆகும், அதாவது அந்த டைரக்டரியில் இணையும், தனி டிஸ்க்கில். ஹோஸ்டில், அதாவது சர்வரிலேயே, /டேட்டா/பிஜி-யைத் திறந்தால் பழைய ஃபைல்கள் அப்படியே இருக்கின்றன. பேக்கப்பை ரீஸ்டோர் செய்ய ஓடும் முன் எஃப்எஸ்டேப்பில் (எந்த டிஸ்க் எங்கே மவுண்ட் ஆகவேண்டும் என்று சொல்லும் ஃபைல்) அந்த டிஸ்க்கின் வரியைப் பாருங்கள். பெரும்பாலும் அதில் ‘நோஃபெயில்’ இருக்கும்.

டிஸ்க் இல்லாவிட்டால் மெஷின் எமர்ஜென்சி மோடில் போய் நிற்கக்கூடாது என்றுதான் அதைப் போடுகிறோம், தவறில்லை. ஆனால் அதைப் போட்டதும் சிஸ்டம்டி (பூட் ஆகும்போது சர்வீஸ்களைக் கிளப்பும் புரோகிராம்) அந்த மவுண்டுக்காகக் காத்திருப்பதையும் விட்டுவிடுகிறது. டாக்கர் முந்தி எழுகிறது. மவுண்ட் ஆகாத /டேட்டாவுக்குள் ‘பிஜி’ இல்லை என்றால், ஹோஸ்டின் டைரக்டரியைக் கண்டெய்னருக்குள் இணைக்கும் ‘-வி’ ஆப்ஷன் கேட்காமலே அதை உருவாக்கும். காலி டைரக்டரியைப் பார்த்த போஸ்ட்கிரெஸ் இமேஜ் புது டேட்டாபேஸை அமைத்துவிடும். பிறகு டிஸ்க் அதன்மேல் மவுண்ட் ஆனாலும், கண்டெய்னர் அடியில் மறைந்த டைரக்டரியிலேயே எழுதிக்கொண்டிருக்கும். ரூட் பார்ட்டிஷன் நிரம்புவதை ‘டிஎஃப்’ கமாண்ட் காட்டும். டைரக்டரிகளின் அளவைக் கூட்டிச் சொல்லும் ‘டியூ’ போட்டால் கணக்கு இடிக்கும், மறைந்த டைரக்டரி அதன் கண்ணில் படாது.

சர்வீஸுக்கு முன் ‘ஸ்லீப் 30’ செருகுவது சூதாட்டம். டிஸ்க்குக்காக சிஸ்டம்டி இயல்பாகக் காத்திருப்பதே 90 விநாடி. ‘சிஸ்டம்சிடிஎல் எடிட் டாக்கர்’ கொடுத்து, திறக்கும் ஃபைலின் யூனிட் பிரிவில் ஒரே வரி சேர்த்தால் போதும்:

ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்=/டேட்டா/பிஜி

அந்தப் பாதைக்கு வேண்டிய எல்லா மவுண்டுகளுக்கும் ரிக்வயர்ஸ் (அது இல்லாமல் எழாதே), ஆஃப்டர் (அதற்குப் பிறகே எழு) இரண்டும் தானாகச் சேர்ந்துவிடும். சிம்லிங்க்கை (வேறு பாதையைச் சுட்டும் இணைப்பு) இது பின்தொடராது. உண்மையான பாதையையே கொடுங்கள். ‘சிஸ்டம்சிடிஎல் ஷோ -பி ஆஃப்டர் டாக்கர்’ வெளியீட்டில் டேட்டா.மவுண்ட் தெரிந்தால் வேலை முடிந்தது.

இதற்கு ஒரு விலை உண்டு. டிஸ்க் வராவிட்டால் டாக்கரே எழாது. அந்த டிஸ்க்கைத் தொடாத கண்டெய்னர்களும் சேர்ந்து படுக்கும். பிறகு கையால் மவுண்ட் செய்தால் டாக்கரையும் கையால்தான் கிளப்ப வேண்டும். காலி டேட்டாபேஸில் ஆர்டர்கள் விழுவதைவிட இது எவ்வளவோ மேல்.

கூடுதல் காவலாக ‘-வி’க்குப் பதில் ‘--மவுண்ட்’ எழுதுங்கள். பைண்ட் செய்யும் டைரக்டரி இல்லை என்றால் அது எரர் தரும். டிஸ்க்கைக் கழற்றிய நிலையில் காலி /டேட்டாவுக்கு ‘சாட்டர் +ஐ’ (மாற்ற முடியாதபடி பூட்டும் கமாண்ட்) போட்டால் ரூட் யூசரால்கூட அங்கே எதையும் உருவாக்க முடியாது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தால், ஓடும் கண்டெய்னரிலிருந்து முதலில் பிஜி டம்ப் (டேட்டாபேஸின் நகல்) எடுங்கள். ரீபூட்டுக்குப் பின் அதில் பதிவாகியிருப்பவை டிஸ்க்கில் இல்லை. பிறகு டாக்கரை நிறுத்தி, ‘மவுண்ட் --பைண்ட் / /எம்என்டி’ கொடுத்தால் மறைந்த டைரக்டரி /எம்என்டி/டேட்டா/பிஜி-யில் தெரியும். டம்ப் சரியாகத் திறக்கிறதா என்று பார்த்த பிறகே அந்த மறைந்த டைரக்டரியை அழியுங்கள்.