ஓடாத ராணுவ மின்சுற்றுப் பலகையும் சட்டப்படி ராணுவப் பொருள்தான்: தென்னாப்பிரிக்காவில் அழிக்கும் முறை

டர்பனில் ரேடார், விமானக் கருவி பழுதுபார்க்கும் பட்டறைகளிலும் மின்னணுக் கழிவு எடுக்கும் தொழிலிலும் இருப்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “செத்துப்போன பலகைதானே, கிலோ கணக்கில் ஸ்கிராப் யார்டில் போட்டால் என்ன?”

போடக் கூடாது. அமெரிக்காவிலிருந்து வந்த ராணுவப் பொருள் எந்த நாட்டில் இருந்தாலும் ‘ஐடார்’ எனப்படும் அமெரிக்க ஆயுத ஏற்றுமதி விதிகள் அதைத் தொடரும். பழுதானதால் கட்டுப்பாடு நீங்காது. முழுசாக இருக்கும் பலகையை டர்பனின் ஜேக்கப்ஸ் பகுதியில் உள்ள ஒரு பட்டறை, அதே ஊரின் ப்ராஸ்பெக்டனில் உள்ள யார்டுக்குக் கொடுத்தாலே அது ‘மறுகைமாற்றம்’. நாட்டு எல்லையைத் தாண்ட வேண்டியதே இல்லை. அமெரிக்க வெளியுறவுத் துறையின் எழுத்து அனுமதி முன்கூட்டியே வேண்டும்.

ஆகவே முதல் வேலை, பொருள் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது. பெயர்த்தகட்டில் நேட்டோ முறையிலான 13 இலக்கக் கையிருப்பு எண் இருந்தால் 5, 6ஆம் இலக்கங்களைப் பாருங்கள்: 00 அல்லது 01 அமெரிக்கா, 18 தென்னாப்பிரிக்கா. ஆனால் அது எண் கொடுத்த நாட்டைத்தான் காட்டும். தயாரித்த நாடு வேறாக இருக்கலாம். அதனால் வாங்கிய பில்லைத் தேடி எடுங்கள். அமெரிக்க அரசின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது, குறிப்பிட்ட நாட்டுக்கும் பயனாளருக்கும் மட்டுமே என்ற வாசகம் அதில் இருந்தால் சந்தேகமே வேண்டாம். உள்ளூரில் செய்த பெட்டிக்குள் ஐடார் பட்டியலில் உள்ள ஒரே ஒரு பாகம் இருந்தாலும் அந்தப் பாகத்துக்கு விதி பொருந்தும். இத்தனை சதவீதத்துக்குக் கீழே என்றால் விலக்கு என்ற கணக்கு ஐடாரில் கிடையாது.

வந்த வழியும் முக்கியம். தற்காலிக உரிமத்தில் வந்தது திரும்பிப் போக வேண்டும். அரசுக்கு அரசு விற்பனையாக வந்திருந்தால் அழிப்பதற்கே ஒப்புதல் கேட்க வேண்டும். நிறுவனத்திடம் நேரடியாக வாங்கியதை உரிமத்தில் பெயர் உள்ளவர் தன் வளாகத்திலேயே அழிப்பது பொதுவாகக் கைமாற்றம் ஆகாது. உரிமத்தின் நிபந்தனைகளை ஒரு முறை படித்துவிடுங்கள். மறைகுறியீட்டுக் கருவி (செய்தியை ரகசியக் குறியீடாக மாற்றுவது) என்றால் கையே வைக்காமல், வழங்கிய அலுவலகத்திடம் ஒப்படையுங்கள்.

தென்னாப்பிரிக்கச் சட்டம் இதற்கு மேல் வருகிறது. 2002ஆம் ஆண்டின் 41ஆம் எண் சட்டப்படி மரபுப் படைக்கலங்களும் அவற்றின் பாகங்களும் என்.சி.ஏ.சி.சி. எனப்படும் தேசிய மரபுப் படைக்கலக் கட்டுப்பாட்டுக் குழுவின் கீழ் உள்ளன. பதிவும் அனுமதியும் இல்லாமல் அவற்றில் வியாபாரம் கூடாது. மின்னணுக் கழிவைக் குப்பைமேட்டில் புதைக்க 2021 ஆகஸ்ட் முதல் தடை. கழிவு நாடுவிட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையின் திருத்தம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருப்பதால், நச்சில்லாத மின்னணுக் கழிவை ஏற்றுமதி செய்யவும் பெறும் நாட்டின் முன்சம்மதம் வேண்டும்.

எவ்வளவு சிதைத்தால் போதும்? அமெரிக்க வணிகத் துறை விதியின்படி, ராணுவப் பட்டியலில் இருந்த ஒரு பொருள் பழைய உருவுக்குத் திரும்ப வழியே இல்லாதபடி நசுக்கி, உருக்குலைத்து அல்லது வெட்டி அழிக்கப்பட்டிருந்தால்தான் அது ‘ஸ்கிராப்’. தோட்டா உறைகளுக்கு மட்டும் தீயில் வாட்டுவதும் ஏற்கப்படும். பலகையை எரித்துவிட்டோம் என்று சொல்லித் தப்ப முடியாது.

தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. பலகையின் ஓரத்து இணைப்பியை மட்டும் வெட்டிவிட்டு முடிந்தது என்று நினைப்பார்கள். நிரல் ஏற்றிய சில்லு நடுவில் அப்படியே இருக்கும். வெப்பப் படக் கருவியில் பலகை உடைந்திருந்தாலும் ஜெர்மானியம் வில்லைக்குப் பின்னால் உள்ள உணரி முழுசாக இருக்கும். அந்தக் கருவியின் உயிரே அதுதான். எஸ்.எஸ்.டி.யை, அதாவது சில்லுகளில் தரவைச் சேமிக்கும் வட்டை, காந்தத்தால் அழிக்க முடியாது. 25 மில்லிமீட்டர் துண்டாக வெட்டும் இயந்திரமும் போதாது: 14க்கு 18 மில்லிமீட்டர் அளவுள்ள நினைவகச் சில்லு சேதமில்லாமல் கீழே விழும். ரகசியத் தரவுக்கு அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை கேட்பது 2 மில்லிமீட்டர் துகள். அதில் ஆட்களின் விவரம் இருந்தால் தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான ‘போபியா’வின் 14ஆம் பிரிவும் வரும், படித்தறியும் வடிவில் மீண்டும் உருவாக்க முடியாதபடி அழிக்க வேண்டும் என்கிறது அது.

நசுக்கக் கூடாதவையும் உண்டு. ரேடாரின் அலைபரப்புக் குழாய்களிலும் உயர்திறன் டிரான்சிஸ்டர்களிலும் வெள்ளைப் பீங்கான் போலத் தெரிவது பெரிலியம் ஆக்சைடாக இருக்கலாம். அதன் தூள் மூச்சில் போனால் நுரையீரல் கெடும், குணமாகாது. சாதாரண ஷ்ரெடரில் அதைப் போட்டால் பட்டறை முழுக்கப் பரவிவிடும். அதைத் தனியே எடுத்து, அபாயக் கழிவு உரிமமுள்ளவர்கள் மூலம் அழிக்க வேண்டும். முழுசாக அவர்கள் கைக்குப் போவதால் மேலே சொன்ன அனுமதி இதற்கும் வேண்டும். லித்தியம் பேட்டரியை முதலில் கழற்றுங்கள், வெட்டினால் தீப்பிடிக்கும். உயர் மின்னழுத்தக் கொள்ளளவிகளில் மின்னேற்றத்தை இறக்கிய பிறகே தொடுங்கள்.

அழிப்புச் சான்றிதழில் ‘42 கிலோ மின்னணுக் கழிவு’ என்று மட்டும் இருந்தால் அது வெறும் எடைச் சீட்டு. ஒவ்வொரு பொருளின் பாக எண், தொடர் எண், அழித்த முறை, நாள், இடம், கூட இருந்து பார்த்த இருவரின் கையெழுத்து, முன்னும் பின்னும் எடுத்த படம் எல்லாம் வேண்டும். உரிமம் முடிந்த நாளிலிருந்து 5 ஆண்டுகளாவது அதைப் பத்திரப்படுத்துங்கள்.

ஏற்கெனவே ஏதாவது முழுசாக வெளியே போயிருந்தால் மறைக்காதீர்கள். வேண்டுமென்றே மீறினால் ஒரு குற்றத்துக்கு 10 லட்சம் டாலர் அபராதமும் 20 ஆண்டுச் சிறையும் வரை போகலாம். அமெரிக்க வெளியுறவுத் துறையிடம் தானாக முன்வந்து சொன்னால் தண்டனையைக் குறைக்கப் பரிசீலிப்பார்கள். தெரிந்தவுடன் முதல் தகவல், அதிலிருந்து 60 நாளுக்குள் முழு விவரம். அதற்கிடையில் யார்டுக்குப் போன் செய்து அந்தச் சுமையைத் தனியே ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள்.