உப்புக்கு மேல் மிதக்கும் ஊர்

யாழ்ப்பாணத்தின் வடமராட்சி கிழக்கில், உடுத்துறைப் பக்கத்து வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். 2004 சுனாமிக்குப் பிறகு கடலிலிருந்து 200 மீற்றர் தள்ளித்தான் வீடு கட்டலாம் என்று வந்த விதியை அவருடைய தாயார் ஏற்கவில்லையாம். "அலை எப்பவாவது ஒருக்கா வரும், தண்ணி ஒவ்வொரு நாளும் வேணும். எங்கட கிணத்தடியை விட்டிட்டு நான் வரமாட்டன்" என்று சொல்லிவிட்டாவாம். ஆனால் திரும்பி வந்து பார்த்தால் அந்தக் கிணறே உப்புக் கரித்து, சவராகிக் கிடந்ததாம். அழிந்த ஊரை அதே இடத்தில் மீண்டும் கட்டலாமா, விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்பதுதான் அவர் கேள்வி.

அலையின் கதை எல்லோருக்கும் தெரியும். சுமாத்திராவுக்கு அருகே 9.1 அளவில் நிலம் நடுங்கியது. நாலு கிலோமீற்றர் ஆழமான கடலில் சுனாமி மணிக்கு 700 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். ஆழத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் இந்தக் கணக்கு வந்துவிடும். ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் இலங்கையின் கிழக்குக் கரையைத் தொட்டுவிட்டது. பிறகு அரசாங்கம் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்று ஒரு கோடு போட்டது, கொஞ்ச நாளில் தளர்த்தியும் விட்டது. அது அலையை நினைத்துப் போட்ட கோடு. அந்த அம்மா நினைத்தது தண்ணீரை. எனக்கென்னவோ கேள்வியின் வேர் அம்மா நின்ற இடத்தில்தான் இருக்கிறது என்று படுகிறது.

வடமராட்சி கிழக்கை வரைபடத்தில் பாருங்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கடல்நீரேரி, நடுவில் ஒடுங்கிய மணல் நிலம். குடத்தனை, மணற்காடு, செம்பியன்பற்று, தாளையடி, மருதங்கேணி, உடுத்துறை, ஆழியவளை எல்லாம் அந்த மணலில்தான். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றும் கிடையாது. இரண்டு பக்கமும் உப்பு, வானத்திலிருந்து மட்டும் நல்ல தண்ணீர். அப்படியிருந்தும் அந்த மணலில் கையால் ஒரு பூவல், அதாவது சின்ன ஊற்றுக்குழி, தோண்டினால் குடிக்கக்கூடிய தண்ணீர் ஊறுகிறது. எப்படி?

மிதக்கிறது, அவ்வளவுதான். கடல்நீர் நன்னீரை விட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு பாரம் கூடியது. மாரியில் மணலுக்குள் இறங்கும் மழை, கீழே இருக்கும் உப்புத் தண்ணீரோடு பெரிதாகக் கலக்காமல் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. மணலுக்குள் தண்ணீர் ஊர்ந்துதான் போகும், கலக்கிவிட அலையோ சுழியோ அங்கே இல்லை. நடுவில் தடித்து ஓரங்களில் மெலிந்திருப்பதால் இதை நன்னீர் வில்லை என்கிறோம். நெதர்லாந்தின் கைபென் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் ஜேர்மனியின் ஹெர்ஸ்பேர்க் 1901இலும் தனித்தனியே கண்டுபிடித்த கணக்கு இது: கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு முழம் நின்றால், கீழே நாற்பது முழம் இருக்கும். கிணற்றின் நீர்மட்டம் கடலை விட வெறும் அரை மீற்றர் உயர்ந்திருந்தாலே, கணக்குப்படி அடியில் 20 மீற்றர் நல்ல தண்ணீர் இருக்கவேண்டும். நிஜ மணலில் இது குறையும், ஆனால் விகிதத்தின் குணம் மாறாது.

என்னை மயக்குவது இதன் மறுபக்கம். நிறையப் பேர் ஏறிய வள்ளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் இறங்க இறங்க வள்ளத்தின் அடி மேலே எழும்பும். வில்லையும் அப்படித்தான். மேலே பத்துச் சென்ரிமீற்றர் தண்ணீரை இறைத்துக் குறைத்தால், கீழே உப்பின் எல்லை நாலு மீற்றர் உயரப் பார்க்கும். உடனே அல்ல, நாட்கணக்கில், மாதக்கணக்கில், மெல்ல. நீங்கள் கிணற்றை எட்டிப் பார்க்கிறீர்கள், மட்டம் ஒரு சாண்கூட இறங்கவில்லை, ஒன்றும் நடக்கவில்லை என்று நினைக்கிறீர்கள். நடப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத அடியில்.

இதைக் குசினியிலேயே பார்க்கலாம். ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதிக்கு உப்புக் கரைசல் விட்டு, பீற்றூட் சாற்றால் சிவப்பாக்கினேன். அதன் மேல் கரண்டியின் முதுகில் வழியவிட்டு நல்ல தண்ணீரை ஊற்றினேன். அவசரப்பட்டதில் முதல் இரண்டு தடவையும் கலங்கிவிட்டது, மூன்றாம் தடவை எல்லை தெளிவாக நின்றது. மெல்லிய ரியூப் ஒன்றின் நுனியைச் சிவப்புக்குக் கொஞ்சம் மேலே பிடித்து மெதுவாக உறிஞ்சினால் தெளிந்த நீர்தான் வந்தது. வேகமாக உறிஞ்சினேன். சிவப்பு, ரியூப்பின் நுனியை நோக்கி ஒரு சின்னப் புற்றுப் போலக் கூம்பி எழுந்து, சட்டென்று உள்ளே ஏறியது. ரியூப்பை எடுத்த பிறகு புற்று மெல்ல அமர்ந்தது, ஆனால் எல்லை பழையபடி கூராக இல்லை, இளஞ்சிவப்பாகக் குழம்பிக் கிடந்தது. மோட்டர் பூட்டிய கிணற்றின் அடியில் நடப்பதும் இதுதான், இடையில் மணல் இருப்பதால் எல்லாம் ஆறுதலாக நடக்கும். காலையில் நல்ல தண்ணீர், பின்னேரம் சவர் என்று கமக்காரர் சொல்வது இந்தக் கூம்பைத்தான். துலாவால் வாளி வாளியாக அள்ளிய காலத்தில் கூம்பு எழும்ப நேரமே கிடைக்கவில்லை.

சரி, சுனாமிக்கு வருவோம். வழமையாகக் கீழிருந்து வரும் உப்பு அன்று மேலிருந்து வந்தது. திறந்த கிணறுகளுக்குள் கடல் நேராகக் கொட்டியது, மணல்மேடுகளுக்கு இடையே பள்ளங்களில் தேங்கி ஊறியது. பாரமான உப்பு நீர் நன்னீருக்குள் விரல் விரலாகக் கீழே இறங்கும். தானாக விட்டால் அது இறங்கி அடியில் தன் இனத்தோடு சேர்ந்துவிடும், அடுத்த மாரி மிச்சத்தைக் கழுவும். ஆனால் அலை வந்தது டிசம்பர் 26. மாரியின் பெரும்பகுதி முடிந்துவிட்டது, அடுத்த பெருமழைக்கு ஒன்பது பத்து மாதம். அதுவரை யார் காத்திருப்பார்கள்? பல இடங்களில் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். குப்பையையும் சேற்றையும் அகற்ற ஒருமுறை இறைப்பது நியாயம். உப்புப் போகட்டும் என்று நாள்தோறும் இறைத்தால், நம்முடைய சிவப்புப் புற்று எழும்பும். கிழக்குக் கரையில் கிணறுகளை அளந்து பார்த்த ஆய்வாளர்கள், இறைப்பால் பெரிய பயனில்லை, கழுவியது மழைதான் என்றார்கள். அந்த அம்மாவின் கிணறும் இப்படித்தான் கெட்டது என்று நான் சொல்லமுடியாது, ஆனால் நல்ல மனதோடு செய்த துப்புரவே சில கிணறுகளை இன்னும் சவராக்கியிருக்கும்.

தனுஷ்கோடியை இங்கே நினைக்காமல் இருக்கமுடியாது. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் பயணிகள் புகையிரதம் ஒன்றையே கடலுக்குள் இழுத்துப் போனது. தலைமன்னாரிலிருந்து கப்பலில் போய் இறங்கும் ஊர் அது, எங்கள் பாட்டன்மாருக்குப் பழக்கமான இடம். மதராஸ் அரசு அது வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்தது, நகரம் திரும்ப எழவில்லை. ஆனால் இன்றும் அங்கே மீனவர்கள் மணலைக் கையால் தோண்டி நல்ல தண்ணீர் எடுக்கிறார்கள். வில்லை அங்கே சாகவில்லை. சில குடிசைகளுக்கு அது போதும். புகையிரத நிலையமும் சுங்கமும் தபால் கந்தோரும் உள்ள நகரத்துக்கு அந்த ஒடுங்கிய மணல்முனையில் ஊறும் தண்ணீர் காணாது. ஆகவே திரும்பக் கட்டலாமா என்று கேட்பவர், எத்தனை பேருக்கு என்றும் சேர்த்துக் கேட்கவேண்டும்.

இன்னொரு சங்கடம் மணல். உயர்ந்த மணல்மேடு மழையை ஒரு துளி ஓடவிடாமல் குடிக்கும், அதன் கீழே வில்லை தடிப்பாக இருக்கும், அலைக்கும் அதுவே மதில். அழிந்த வீடுகளைக் கட்ட எது வேண்டும்? மணல். டிப்பரில் ஏறிப்போகும் ஒவ்வொரு மேட்டோடும் தண்ணீர்த்தொட்டி ஒன்றும் போகிறது.

தேங்காயை உள்ளங்கையில் நிறுத்தி நீரோட்டம் பார்ப்பவர்களை இந்தக் கரையிலும் கூப்பிடுகிறார்கள். அவர்கள் ஒருநாளும் தோற்கமாட்டார்கள், ஏனென்றால் இந்த மணலில் எங்கே தோண்டினாலும் தண்ணீர் வரும்! எத்தனை முழத்தில் உப்பு என்பதைத் தேங்காய் சொல்லாது. அதைச் சொல்ல, அடிவரை இறக்கிய ஒடுங்கிய குழாய்களும் தண்ணீரின் உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன் மானியும் மாதம் ஒருமுறை குறித்துவைக்கும் ஓர் ஆளும் போதும். தாளையடியில் 2024இல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்தார்கள், நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர். நல்லது, வேண்டியதுதான். கடல்நீரேரிகளை நன்னீர்த் தேக்கங்களாக்க 1950களில் பொறியியலாளர் ஆறுமுகம் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டமோ இன்றும் அரைகுறை. அதன்படி கடல்நீரேரிகள் நன்னீரானால் இந்த மணல் நிலத்துக்கு உப்பு ஒரு பக்கத்தில் மட்டும்தான். பெரிய நிலையத்துக்குக் கிடைக்கும் காசில் ஒரு துளியாவது கிணறுகளை அளக்கக் கிடைத்தால் எனக்கு வயிற்றெரிச்சல் குறையும்.

இப்போது வாசகருக்கு. உங்கள் அம்மா கிணற்றைக் கேட்டு இடம் பார்த்தது சரி. கிணறு இருந்த இடம்தான் சரியில்லை: கரையோரத்தில் வில்லை மெலிவு. மணல்மேட்டுக்குப் பின்னால், கடலுக்கும் நீரேரிக்கும் நடுவே, அலைக்கும் தூரம், தண்ணீருக்கும் தடிப்பு. வள்ளமும் வலையும் இருக்கும் வாடி கரையிலேயே இருக்கட்டும், குடியிருப்பும் கிணறும் உள்ளே போகட்டும். கிணற்றை ஆழமாக்காதீர்கள், இரண்டு ஆழம் குறைந்த கிணறுகள் ஓர் ஆழக்கிணற்றை விட மேல். மோட்டர் இருந்தால் ஆவணியில், மழைக்கு முன், காலையில் இறைக்கத் தொடங்கும்போது ஒரு போத்தலும் பின்னேரம் நிறுத்தும்போது ஒரு போத்தலும் எடுத்து மானியால் அளந்து பாருங்கள். இரண்டு எண்களையும் எனக்கு எழுதுங்கள்.