ஆட்டோமேஷன்: தானாக இயங்குவதா, இயக்கப்படுவதா?

பெங்களூரு அல்சூர் வீட்டில் டிவிக்குக் கீழே ஒரு பழைய லேப்டாப்பைச் செருகி வைத்திருக்கிறேன். மாலை 6 மணி ஆனால் குரோம் திறக்கும், வீடியோ தளத்துக்குப் போகும், அம்மாவின் பக்திப் பாட்டுப் பட்டியலை எடுத்து ஓட விடும். அம்மாவுக்கு மவுஸ் பிடிபடவில்லை. அதற்காகவே பைத்தான் என்ற நிரல்மொழியில் நாற்பது வரி எழுதினேன். முதல் நாள் ஓடியபோது பக்கத்தின் உச்சியில் ஒரு பட்டை தெரிந்தது. தானியங்கிச் சோதனை மென்பொருள் ஒன்று குரோமைக் கட்டுப்படுத்துகிறது என்று பொருள்படும் ஒரு வரி அதில் இருந்தது. அம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"ஏம்ப்பா, தானா ஓடும்னு சொன்னே. யாரோ கட்டுப்படுத்துறாங்கன்னு போட்டிருக்கே?"

பதினைந்து வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். அன்று வரை இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை.

ஆட்டோமேஷன் என்ற சொல்லின் வேர் கிரேக்கம். 'ஆட்டோஸ்' என்றால் தான். 'மட்டோஸ்' என்ற பின்பகுதி எண்ணுதல், நினைத்தல் என்ற வேரிலிருந்து வந்தது. வடமொழியின் 'மனஸ்' அதற்கு உறவு. ஆகவே 'ஆட்டோமட்டோஸ்' என்பதற்குத் தன் எண்ணப்படி தானே செயல்படுவது என்று பொருள். ஹோமரின் இலியத்தில் தேவலோகக் கொல்லன் செய்த முக்காலிகள் தாமாகவே உருண்டு தேவர் அவைக்குப் போய்த் திரும்பும். அங்கே ஆளப்பட்ட சொல் இதுதான். 'ஆட்டோமேஷன்' என்ற வடிவம் பரவியது மிகவும் பிந்தி, 1940களில், ஃபோர்டு கார் ஆலைகளில். ஓர் இயந்திரத்திலிருந்து அடுத்த இயந்திரத்துக்குப் பாகங்களை ஆள் தொடாமல் நகர்த்தும் ஏற்பாட்டுக்கு அங்கே அந்தப் பெயர் வந்தது. 1947இல் அதற்கென ஒரு துறையே அமைத்தார்கள்.

தமிழில் தானியங்கி, தானியக்கம், தன்னியக்கம் மூன்றும் புழங்குகின்றன. எது சரி என்ற சண்டையை நன்னூல் எளிதாகத் தீர்த்துவிடுகிறது. 'தான்' என்பதில் நெடிலுக்குப் பின் ஒற்று வருவதால் இயங்கி என்பதோடு அப்படியே சேர்ந்து தானியங்கி ஆகிறது. 'தன்' என்று குறுகினால் 'தனிக்குறில் முன்ஒற்று உயிர்வரின் இரட்டும்', அதனால் தன்னியக்கம். இரண்டும் பிழையில்லை. எனக்குத் தன்னியக்கமே பிடிக்கும். தானியக்கம் என்று வேகமாகப் படிக்கையில் கண் ஒரு நொடி 'தானியம்' என்று இடறுகிறது.

ஆனால் பிரவுசர் ஆட்டோமேஷனுக்கு, அதாவது குரோம் போன்ற ஓர் உலாவியை நிரல் எழுதி ஓட்டுவதற்கு, அந்தச் சொல் பொருந்துமா? நடப்பதை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். நிரல் ஒரு கட்டளை அனுப்புகிறது. நடுவில் நிற்கும் ஒரு சிறு மென்பொருள் அதை வாங்கி உலாவியிடம் கொடுக்கிறது. உலாவி பொத்தானைச் சொடுக்கிவிட்டு, 'ஆயிற்று' என்று பதில் சொல்லிக் காத்திருக்கிறது. தன் எண்ணப்படி அது எதுவும் செய்வதில்லை. இந்தப் பேச்சு எப்படி நடக்க வேண்டும் என்ற பொது விதிமுறைதான் வெப்டிரைவர். அது 2018இல், வலைக்கான தரங்களை வகுக்கும் உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் (W3C) பரிந்துரையானது. 2004இல் பிறந்த செலினியம் என்ற உலாவிச் சோதனைக் கருவிதான் அதற்கு வழி போட்டது. டிரைவருக்குத் தமிழ்க் கணிமையில் ஏற்கெனவே 'இயக்கி' என்று பெயர் உண்டு. 2017இல் குரோம் குழு வெளியிட்ட கருவியின் பெயர் இன்னும் வெளிப்படையானது: பப்பட்டியர், அதாவது பாவையை ஆட்டுகிறவர்.

இங்கேதான் தமிழ் இலக்கணம் கைகொடுக்கிறது. இயங்கு என்பது தன்வினை, இயக்கு என்பது பிறவினை. இயக்கம் என்ற பெயர் 'இயங்கு' வழி வந்தது, தூங்கு என்பதிலிருந்து தூக்கம் வந்ததைப் போல. எங்கள் வீட்டிலிருந்து அல்சூர் ஏரிப் பக்கம் நடந்தால் திருவள்ளுவர் சிலை. பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்து 2009இல் திறக்கப்பட்டது. அவர் குறள் ஒன்றில் இந்த வேறுபாடு முழுவதும் அடங்கியிருக்கிறது: 'நாணகத் தில்லார் இயக்கம் மரப்பாவை நாணால் உயிர்மருட்டி யற்று.' கயிற்றால் ஆடும் மரப்பாவை உயிருள்ளதுபோல் மயக்குகிறது. பார்ப்பவருக்கு அது இயங்குவதாகத் தெரிகிறது. கயிறு பிடித்தவருக்கோ, தான் இயக்குவது தெரியும். அம்மா படித்த பட்டை அந்தக் கயிற்றைத்தான் காட்டியது.

ஆகவே, நிரல் உலாவிக்குச் செய்வதை நான் 'உலாவி இயக்குதல்' என்று எழுதுகிறேன். 6 மணிக்குக் கடிகாரம் அந்த நிரலை எழுப்பிவிடுகிறதே, ஆள் தொடாத அந்த முழு ஏற்பாடுதான் 'தன்னியக்கம்'. இரண்டையும் பிரித்துச் சொன்னால் பிழை எங்கே என்று தேடுவதும் எளிதாகிறது. இரண்டாம் நாள் பாட்டு ஓடவில்லை. கடிகாரம் நிரலை எழுப்பியிருந்தது, பக்கமும் திறந்திருந்தது. தன்னியக்கத்தில் கோளாறு இல்லை, இயக்குதலில்தான். பார்ப்பவர் பக்கத்தைத் தொடும்வரை வீடியோ சத்தத்தோடு தானே தொடங்கக் கூடாது என்று குரோம் 2018 முதல் வைத்திருக்கும் கட்டுப்பாடு அது. நான் வீடியோவிடம் நேரடியாக 'ஓடு' என்று கட்டளையிட்டிருந்தேன். இயக்கி வழியாக ஓடு பொத்தானையே சொடுக்க வைத்ததும் பாட்டு வந்தது. இயக்கி சொடுக்குவதை உலாவி ஆள் தொட்டதாகவே எடுத்துக்கொள்கிறது.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். பல தளங்கள் தங்கள் விதிமுறைகளில் தானியங்கி வழி அணுகலைத் தடை செய்கின்றன. அந்த இடத்தில் அந்தச் சொல் இயக்குதலையும் சேர்த்தே குறிக்கும். படித்துப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

உலாவி என்ற சொல்லில் எனக்குக் குறையில்லை. ஆங்கிலத்தின் 'பிரவுஸ்' ஆடுமாடு இளந்தளிர் கடிப்பதிலிருந்து வந்தது. நம் 'நுனிப்புல் மேய்தல்' அதே காட்சிதான். ஆனாலும் வீதியுலாவின் நடையை வைத்திருக்கும் உலாவி இனிமையான சொல், நிலைத்தும்விட்டது. திருத்த வேண்டியது, திரையில் எதையும் காட்டாமல் பின்னணியில் ஓடும் 'ஹெட்லெஸ் பிரவுசர்' என்பதற்குச் சிலர் எழுதும் 'தலையற்ற உலாவி'. அங்கே இல்லாதது தலையன்று, பார்க்கும் திரைதான். திரையிலா உலாவி என்றால் புதிதாகப் படிப்பவருக்கும் உடனே விளங்கும்.