ரோம் நகரில் கால் கடுப்பது ஏன்?

60 கிலோ எடையுள்ள ஒருவர் 15 கிலோமீட்டர் நடந்தால் உடல் எரிப்பது 700 முதல் 800 கிலோகலோரி. தசைகளிலும் கல்லீரலிலும் சேமித்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து மட்டுமே இதைப்போல் இரு மடங்கு ஆற்றல் தரும். கொழுப்பைக் கணக்கில் எடுக்கவே தேவையில்லை. ஆனாலும் சென்னையிலிருந்து தனியாக ரோமுக்குப் போய், கொலோசியத்தில் தொடங்கி வத்திக்கானில் முடிக்கும் முதல் நாளில் மாலை ஆறு மணிக்கே உடம்பு அடித்துப் போட்டாற்போல் ஆகிவிடுகிறது. எரிபொருள் தீர்ந்ததால் வரும் களைப்பு அல்ல இது.

நடை ஓர் ஊசலாட்டம். ஊன்றிய காலின்மேல் உடல் எழும்பித் தாழும்போது, எழும்பியதில் சேர்ந்த ஆற்றலின் பெரும்பகுதி அடுத்த அடிக்குத் திரும்பக் கிடைக்கிறது. மணிக்கு நாலரை முதல் ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் இந்தச் சிக்கனம் உச்சத்தில் இருக்கும். ஊர் சுற்றுபவர் அப்படி நடப்பதில்லை. நாலடி வைக்கிறார், நிற்கிறார், அண்ணாந்து பார்க்கிறார், மறுபடி நகர்கிறார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஊசல் அறுபட்டு, புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கிறது.

நிற்பது இன்னும் மோசம். கெண்டைக்கால் தசை சுருங்கும்போதெல்லாம் ஆழ்சிரைகளை அழுத்தி இரத்தத்தை மேலே தள்ளுகிறது. சிரைகளின் வால்வுகள் அது திரும்பி வழியாமல் தடுக்கின்றன. அசையாமல் நின்றால் இந்தப் பம்பு ஓய்ந்துபோகும். அரை லிட்டருக்கு மேல் இரத்தம் இடுப்புக்குக் கீழே தேங்கும், நீர் திசுக்களில் கசிந்து பாதம் வீங்கும். தமிழில் ‘கால் கடுக்க’ என்ற சொல் பெரும்பாலும் நிற்பதோடு சேர்ந்தே வருவது எவ்வளவு சரியான கவனிப்பு! வரிசையில் நிற்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து முறை போதும், பம்பு மீண்டும் ஓடும். காலணியை மாலையில் வாங்கச் சொல்வதும் இந்த வீக்கத்தால்தான்: காலையில் கச்சிதமாக இருந்தது மதியத்துக்குமேல் விரலைக் கடிக்கும்.

அருங்காட்சியகக் களைப்புக்கு 1916லேயே பெயர் வைத்துவிட்டார்கள். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன், கண்ணாடிப் பேழைகளைப் பார்க்க ஒருவர் எப்படியெல்லாம் குனிந்து வளைய வேண்டியிருக்கிறது என்று படமெடுத்துக் காட்டினார். குற்றம் பார்வையாளரின் சோம்பலில் இல்லை, பொருட்களை வைத்த விதத்தில் இருக்கிறது என்பது அவர் வாதம். வத்திக்கானில் இது தலைகீழ். சிஸ்டைன் சிற்றாலயத்தின் கூரை 20 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறக்குறைய ஐந்து கிலோ எடையுள்ள தலையைப் பின்னால் சாய்த்தபடி நின்றால் கழுத்து மட்டும் வலிப்பதில்லை. உள்காதின் சமநிலை உறுப்புகள் பழகிய கோணத்திலிருந்து விலகுவதால் உடல் மெல்ல ஆடுகிறது, அதைத் திருத்தக் கால் தசைகள் ஓயாமல் உழைக்கின்றன. சுவரோரப் பலகையில் இடம் கிடைக்கும்வரை காத்திருந்து, உட்கார்ந்து பார்ப்பதே நல்லது.

இனி, காலடியில் இருக்கும் கல். ரோமின் பழைய தெருக்களில் பாவியிருக்கும் ‘சாம்பியெத்ரீனி’ எரிமலைப் பாறையில் வெட்டிய கனத்த கட்டைகள். மணல்மேல் பதித்தவை என்பதால் காலப்போக்கில் ஒன்று எழும்பும், ஒன்று அமுங்கும். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013ல், இரண்டரை சென்டிமீட்டர் வரை மேடுபள்ளமான தளத்தில் ஆட்களை நடக்கவிட்டு அளந்தபோது, சமதளத்தைவிட 28 சதவீதம் கூடுதல் ஆற்றல் செலவானது. ரோமின் கற்கள் எல்லா இடத்திலும் அவ்வளவு மோசமில்லை. ஆனால் கணுக்கால் ஒவ்வோர் அடிக்கும் வேறு கோணத்தில் விழுகிறது, பாதம் காலணிக்குள் பக்கவாட்டில் நழுவுகிறது. தோலின் மேலடுக்குக்கும் கீழடுக்குக்கும் இடையிலான இந்த இழுபறிதான் கொப்புளமாகிறது. வியர்வையில் நனைந்த தோலில் உராய்வு இன்னும் அதிகம், பருத்திக் காலுறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குதிகாலில் முதல் எரிச்சல் தெரிந்த உடனே நின்று பிளாஸ்திரி ஒட்டிவிட வேண்டும். கொப்புளம் எழும்பியபின் ஒட்டிப் பெரிய பயனில்லை.

தண்ணீருக்கு ரோமில் பஞ்சமில்லை. ‘நசோனி’ என்று அழைக்கும் இரும்புக் குழாய்த் தூண்கள் 1874 முதல் தெருவில் ஓயாமல் ஓடுகின்றன, சுமார் 2,500 இருக்கின்றன. குழாய் முனையை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளை வழியாக நீர் பீய்ச்சும், வாய் வைத்துக் குடிக்கலாம். உடல் எடையில் இரண்டு சதவீத நீர் குறைந்தாலே கவனம் தடுமாறத் தொடங்குகிறது.

கால் தவறில்லாமல் இருந்தாலும் கடிகாரம் விடாது. கோடையில் ரோம் இந்தியாவைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. பல உணவகங்கள் மதியம் மூன்றுக்கு அடுப்பை அணைத்துவிட்டு இரவு ஏழரைக்குத்தான் மறுபடி திறக்கும். அப்போது உங்கள் மூளையின் கடிகாரத்தில் மணி பதினொன்று. தனியாக வந்தவர் தட்டுக்கு முன்னால் தூங்கி விழுவதில் வியப்பில்லை. மேற்கு நோக்கிப் பயணித்தவர் உடல் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ள வேண்டும், அதற்கு மாலை வெளிச்சம்தான் மருந்து. ஜூன் மாதத்தில் சூரியன் மறைய எட்டே முக்கால் ஆகிறது. ஆறு மணிக்கு அறைக்குள் சுருண்டுவிடாமல் பின்சியோ மேட்டுக்கோ ஜனிக்கோலோ குன்றுக்கோ போய் உட்காருங்கள். நடக்க வேண்டாம், வெளிச்சம் கண்ணில் பட்டால் போதும். விடியற்காலை வெளிச்சம் எதிர்த்திசையில் வேலை செய்யும், அப்போது கறுப்புக் கண்ணாடி உதவும். மதியத் தூக்கம் 25 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. காபியின் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் இரத்தத்தில் இருக்கும், ஆகவே மூன்று மணிக்குப்பின் வேண்டாம்.

தனியாகப் போவதன் விலை மூளையில் ஏறுகிறது. எந்தத் தெரு, எந்தப் பேருந்து, கழிப்பறை எங்கே, பையை யார் பார்ப்பது என்ற எல்லாக் கேள்விக்கும் ஒரே தலைதான் பதில் சொல்ல வேண்டும். பாரிசில் நடந்து 2022ல் வெளியான ஓர் ஆய்வில், ஆறு மணி நேரத்துக்குமேல் கடினமான மனவேலை செய்தவர்களின் மூளையின் முன்நெற்றிப் பகுதியில் குளூட்டமேட் என்ற, நரம்பணுக்கள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் வேதிப்பொருள் தேங்கியிருந்தது. அதன்பின் அவர்கள் எளிதில் கிடைப்பதையே தேர்ந்தார்கள். மாலையில் தவறான உணவகத்தில் நுழைவதும், சுற்றுப்பாதையில் திரும்புவதும் இப்படித்தான் நேர்கின்றன. ஆகவே தேர்வுகளை முதல் நாள் இரவே முடித்துவிடுங்கள். ரோம் தெருக்கள் கட்டம் கட்டமாக இல்லை. கைபேசி வரைபடத்தை நிமிடத்துக்கொரு முறை பார்ப்பதைவிட, தைபர் ஆற்றையும் வெள்ளை விட்டோரியானோ நினைவகத்தையும் அடையாளமாக மனதில் பதித்துக்கொண்டால் சுமை குறையும்.

இரவில் படுத்தாலும் முழுத் தூக்கம் வராது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மசாகோ தமாகி, யூகா சசாகி குழு 2016ல் காட்டியபடி, புது இடத்தின் முதல் இரவில் ஆழ்ந்த தூக்கத்திலும் மூளையின் இடது பாதி சற்று விழிப்பாகவே இருந்து, வெளியிலிருந்து வரும் சத்தங்களைக் கவனித்துக் காவல் காக்கிறது. அடுத்த முறை அதே இடத்தில் படுத்தபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. ஆகவே கடினமான இடங்களை முதல் இரவுக்கு மறுநாளே வைக்காதீர்கள். புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடம் 551 படிகள், மின்தூக்கி எடுத்தாலும் 320 மிஞ்சும். ஏறுவது மூச்சு வாங்கும், இறங்குவதுதான் தொடைத் தசைகளைப் புண்ணாக்கும். நீண்டபடியே சுருங்கும் தசையில் நுண்ணிய சேதம் விழுந்து, வலி ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் உச்சமடையும். கடைசி நாளுக்கு முன்தினம் குவிமாடத்தை வைத்தால், அந்த வலி உச்சமாகும்போது விமான இருக்கையில் இருப்பீர்கள்.