இதய மாற்று சிகிச்சை: ஆபரேஷனுக்குப் பிறகு அரசு தரும் உதவி எதுவரை?

வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பங்களுக்கு மத்திய அரசின் ராஷ்ட்ரீய ஆரோக்கிய நிதி இருக்கிறது. இதய மாற்று போன்ற பெரிய சிகிச்சைகளுக்கு 15 லட்சம் ரூபாய் வரை கிடைக்கலாம். சிகிச்சை அரசு மருத்துவமனையில் நடக்க வேண்டும். பணமும் மருத்துவமனைக்கே போகும். ஏற்கெனவே செலவழித்த தொகையைத் திரும்பக் கேட்க முடியாது. ஆகவே கடன் வாங்கிக் கட்டிவிட்டுப் பிறகு பில்லோடு போனால் வேலைக்கு ஆகாது, முதலிலேயே விண்ணப்பிக்க வேண்டும். அரசு ஊழியர்களுக்கு இந்த நிதி கிடையாது.

அடுத்தது மாத்திரை. உடல் புது இதயத்தை அந்நியமாகவே பார்க்கும் என்பதால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். பல வீடுகளில் இந்தச் செலவுதான் ஆளைச் சாய்க்கிறது. தேசிய உறுப்பு மாற்றுத் திட்டத்தின் கீழ் ஏழை நோயாளிகளுக்கு இந்த மருந்துக்காக மாதம் 10,000 ரூபாய் வரை உதவி உண்டு. இது பலருக்குத் தெரிவதே இல்லை.

யாரிடம் கேட்பது? உறுப்பு மாற்றுக்குப் பதிவு பெறும் மருத்துவமனை ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமித்தே ஆக வேண்டும். 1994-ம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டத்தில் 2011-ல் செய்த திருத்தம் இதைக் கட்டாயமாக்கியது. காகித வேலைக்கு அவரைத் தயங்காமல் பிடியுங்கள். இன்னும் காத்திருப்புப் பட்டியலில் சேராதவர்களுக்கு ஒரு தகவல்: சொந்த மாநிலத்தில்தான் பதிய வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கும்படியும், பதிவுக் கட்டணம் வாங்க வேண்டாம் என்றும் 2023-ல் மத்திய அரசு மாநிலங்களிடம் சொல்லிவிட்டது.

மேலே சொன்ன இரண்டு உதவிகளிலும் வீட்டுக்கு வரும் நர்ஸின் சம்பளம் அடங்காது. கவனிப்பு வீட்டாரின் தலையில்தான். அதனால் டிஸ்சார்ஜுக்கு முன்பே வார்டு நர்ஸிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்வது நல்லது. முக்கியமாக, மாற்றிய இதயத்துக்குப் பழைய நரம்புத் தொடர்பு அறுந்திருக்கும். ரத்தக்குழாய் அடைத்தாலும் நெஞ்சு வலிக்காமலே போகலாம். மூச்சு வாங்குவது, சோர்வு, கால் வீக்கம், ஓரிரு நாளில் எடை ஏறுவது ஆகியவைதான் எச்சரிக்கை. சும்மா இருக்கும்போதே நாடித்துடிப்பு 90-க்கு மேல் ஓடும், அதற்குப் பயப்பட வேண்டாம். உழைப்புக்கேற்ப அது ஏற நேரமெடுக்கும் என்பதால் எழுந்ததும் வேகமாக நடக்க வைக்காதீர்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனையை அழைக்க வேண்டும்.

எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளில் ஒன்று டாக்ரோலிமஸ். ரத்தத்தில் அதன் அளவு பார்க்கும் நாளில் காலை மாத்திரையைக் கையில் எடுத்துப் போங்கள். ரத்தம் கொடுத்த பிறகுதான் விழுங்க வேண்டும். முதலில் விழுங்கிவிட்டால் அளவு கூடுதலாகக் காட்டும். அதை நம்பி டாக்டர் மருந்தைக் குறைத்தால் ஆபத்து.